கணினி விளையாட்டில் அரசாட்சி



சில வாரங்களுக்கு முன்பு நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு தாயார். அவருடைய மகனுக்குப் பதினான்கு வயது. அண்ணன் விட்டுச் சென்ற பழைய கணினியில், 2005-ஆம் ஆண்டு வெளிவந்த 'சிவிலிசேஷன்' நான்காம் பதிப்பை விளையாடிக்கொண்டிருக்கிறான். ஒருநாள் இரவு சாப்பாட்டு மேசையில் அவன் சொன்னதை அந்த அம்மையார் அப்படியே எழுதியிருந்தார்: "சண்டை நீண்டுக்கிட்டே போகுதும்மா. ஜனங்க முணுமுணுக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதனால ஓட்டுரிமைய எடுத்துட்டுப் போலீஸ் ஆட்சியப் போட்டேன். இப்ப எல்லாரும் அமைதியாயிட்டாங்க."

"இவன் இப்படிப் பேசக் கற்றுக்கொள்வது நல்லதுதானா? விளையாட்டுத்தானே என்று விட்டுவிடலாமா?" இதுதான் அவருடைய கேள்வி. நாம் அதற்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத முடியவில்லை என்பதே உண்மை. ஏனென்றால், அந்தப் பையன் சொன்னதில் தவறே இல்லை. அந்த விளையாட்டின் விதிப்படி போலீஸ் ஆட்சிக்கு மாறினால் போரினால் ஏற்படும் மனச்சோர்வு பாதியாகக் குறைகிறது. படைகளை உருவாக்கும் வேகம் நூற்றுக்கு 25 பங்கு கூடுகிறது. அவன் விதியைச் சரியாகப் படித்தான், அதன்படி சரியாக முடிவெடுத்தான். அப்படியானால் கேள்வியை அவனிடம் கேட்பதற்கு முன் விதியை எழுதியவரிடம் அல்லவா கேட்க வேண்டும்? இன்றைய உரையில் நாம் பார்க்கவிருப்பது அதைத்தான். வியூக விளையாட்டுகளில் அரசாங்கத்தையும் சமுதாயக் கொள்கைகளையும் எப்படி அமைக்கிறார்கள்? அமைப்பவருடைய கருத்து அதில் எப்படிக் கலந்து வருகிறது?

விளையாட்டின் விதிக்குள் ஒரு கருத்தை வைத்துக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் நம் பாட்டிமார் கண்விழித்து ஆடிய பரமபதத்தை எண்ணிப் பாருங்கள். நற்செயலுக்கு ஏணி, தீச்செயலுக்குப் பாம்பு. ஏணி எங்கே, பாம்பு எங்கே என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்வதில்லை. படம் வரைந்தவர் முடிவு செய்துவிட்டார். அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904-இல் நிலக்கிழார் விளையாட்டு என்ற பொருள்படும் பெயரில் ஒரு பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிவதன் கேட்டை மக்களுக்குக் காட்டுவதே அவருடைய நோக்கம். ஒரே பலகைக்கு அவர் இரண்டு வகை விதிகளை எழுதினார். ஒன்றில் ஒருவர் மற்ற எல்லாரையும் ஓட்டாண்டியாக்கினால்தான் வெற்றி. மற்றொன்றில் செல்வம் உருவாகும்போது எல்லாருக்கும் பங்கு. இவற்றுள் முதல்வகை விதிதான் பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து கிளைத்து 1935 முதல் பெரிய அளவில் விற்பனையானதுதான் 'மோனோபோலி'. நம் வீடுகளில் விடுமுறை நாட்களில் அண்ணன் தம்பிகள் சண்டை போட்டுக்கொண்டு ஆடுவதும் அதைத்தான்.

சரி, கணினிக்கு வருவோம்.

1964-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்செஸ்டர் என்னும் வட்டாரம். அங்கே மேபல் அடிஸ் என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, பிள்ளைகளுக்குப் பழங்காலப் பொருளாதாரத்தைச் சொல்லித்தருவதற்காகக் கணினியில் ஒரு விளையாட்டை எழுதினார். நிரல் அமைத்தவர் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கே. அதன் பெயர் 'சுமேரிய விளையாட்டு'. ஆறாம் வகுப்பு மாணவன் லகாஷ் என்ற பண்டைய நகரத்தின் அரசனாகிறான். கணினித் திரை எதுவும் கிடையாது. தட்டச்சுப் பொறி போன்ற கருவி ஒன்று, தானியம் இவ்வளவு இருக்கிறது, மக்கள் இவ்வளவு பேர், உணவுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, இருப்புக்கு எவ்வளவு என்று கேட்கும். பையன் எண்ணைத் தட்டினால் அந்தப் பருவத்தில் என்ன நடந்தது என்று அச்சடித்துத் தரும். வரலாற்றில் கதையோடு கூடிய கணினி விளையாட்டை முதன்முதலில் எழுதியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை என்பது ஆசிரியர் குலத்துக்குப் பெருமையல்லவா?

அதைப் பற்றிக் கேள்விப்பட்ட டக் டைமென்ட் என்பவர் 1968-இல் சிறிய கணினிக்கு ஏற்றவாறு சுருக்கமான வடிவம் ஒன்றை எழுதினார். டேவிட் ஆல் என்பவர் அதை 'பேசிக்' மொழிக்கு மாற்றி 1973-இல் ஒரு நூலில் வெளியிட்டார். 'ஹமுராபி' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. அதன் கணக்கை நாம் சற்று விரிவாகப் பார்ப்போம். கையில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு 'புஷல்' என்ற ஆங்கில முகத்தலளவை சொல்லப்படுகிறது. நாம் வசதிக்காக 'மூட்டை' என்றே வைத்துக்கொள்வோம்.

ஆட்டம் தொடங்கும்போது நகரத்தில் 100 பேர், 1,000 ஏக்கர் நிலம், களஞ்சியத்தில் 2,800 மூட்டை. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 20 மூட்டை உணவு வேண்டும். ஓர் ஏக்கர் விதைக்க அரை மூட்டை வேண்டும். ஓர் ஆள் பத்து ஏக்கர்தான் உழ முடியும். நிலத்தை வாங்கலாம், விற்கலாம். விலை ஆண்டுக்கு ஆண்டு 17 முதல் 26 மூட்டை வரை மாறும். விளைச்சல் ஏக்கருக்கு ஒன்று முதல் ஐந்து மூட்டை வரை, குருட்டு வாய்ப்பாக வரும். எலி தின்னும், கொள்ளைநோய் வரும், வெளியூரிலிருந்து புதியவர்கள் குடியேறுவார்கள். இப்படிப் பத்து ஆண்டு.

முதல் ஆண்டு நல்ல அரசனாக எல்லாருக்கும் சோறு போடுவோம். 2,000 மூட்டை போயிற்று. மீதி 800. ஆயிரம் ஏக்கரிலும் விதைக்க 500. இருப்பு 300. எலியையும் குடியேறுவோரையும் இப்போதைக்கு மறந்துவிடுவோம். விளைச்சல் ஏக்கருக்கு மூன்று என்றால் 3,000 மூட்டை வரும், கையிருப்போடு 3,300. தொடங்கியதைவிட நன்றாக இருக்கிறோம். ஆனால் விளைச்சல் ஒன்று என்று வந்துவிட்டால்? ஆயிரமும் முந்நூறும் சேர்த்து 1,300தான். நூறு பேருக்கு 2,000 வேண்டும். இருப்பது முழுவதையும் சோறாகப் போட்டாலும் 65 பேர்தான் பிழைப்பார்கள். அப்புறம் விதைக்க ஒரு மணி இராது.

என்ன செய்யலாம்? நிலத்தை விற்கலாம். விலை 20 என்று வைத்துக்கொண்டால், 60 ஏக்கரை விற்று 1,200 மூட்டை பெறலாம். மொத்தம் 2,500. எல்லாருக்கும் உணவு 2,000, மிஞ்சிய 940 ஏக்கருக்கு விதை 470, இருப்பு 30. ஒருவரும் சாகவில்லை. ஆனால் அடுத்த ஆண்டும் வானம் பொய்த்தால் இன்னும் அறுபது, எழுபது ஏக்கர் போகும். பஞ்சகாலத்தில் குடியானவன் காணியை விற்றுச் சோறு தின்ற கதை நமக்குத் தெரியாததா? பத்து வயதுப் பிள்ளை அதைப் படித்து அறிவதைவிட, இப்படி ஒருமுறை தானே விற்றுப் பார்த்து அறிந்துகொள்வது மேலானது. உணவு, விதை, இருப்பு என்ற மூன்று வாய்கள் ஒரே மூட்டையைக் கேட்கின்றன. இன்று எடுக்கும் முடிவின் விளைவு அடுத்த அறுவடைக்குத்தான் தெரிகிறது. அரசியல் பாடநூலில் பல பக்கம் எடுத்துக்கொள்ளும் விஷயம் இது.

இனி இந்த விளையாட்டின் இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். ஓர் ஆண்டில் மக்களில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் பட்டினியால் இறந்தால் அரசனைப் பதவியிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். ஐம்பது பேர் இறந்தால் அரியணை போயிற்று. நாற்பது பேர் இறந்தால் நீடிக்கலாம். அந்த 45 என்ற எண் எங்கிருந்து வந்தது? எந்தக் களிமண் பலகையிலும் அது எழுதியிருக்கவில்லை. நிரல் எழுதியவர் ஏதோ ஓர் எண்ணைப் போட வேண்டியிருந்தது, போட்டார்.

பத்தாம் ஆண்டு முடிவில் உங்கள் ஆட்சிக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டு அளவுகோல்கள். ஒன்று, ஆண்டுக்குச் சராசரியாக நூற்றுக்கு எத்தனை பேர் பட்டினியால் இறந்தார்கள் என்பது. மற்றொன்று, தலைக்கு எத்தனை ஏக்கர் நிலம் இருக்கிறது என்பது. தொடக்கத்தில் தலைக்குப் பத்து ஏக்கர் இருந்தது. அது ஏழுக்குக் கீழே இறங்கினால் உங்களைத் துரத்திவிடுவார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொள்ளைநோய் வந்து மக்களில் பாதிப்பேர் மாண்டால் என்ன ஆகும்? நிலம் அப்படியே இருக்கிறது, தலைகள் பாதியாகிவிட்டன. தலைக்குப் பத்து ஏக்கர் இருந்தது இருபது ஆகிவிடும்! பட்டினிக் கணக்கில் அந்தச் சாவு சேராது. அதாவது, ஊரே சுடுகாடானபோது அரசனின் மதிப்பெண் உயருகிறது. நாம் முதன்முறை இதைக் கவனித்தபோது சிரித்துவிட்டோம். பிறகு, தலைக்கு இவ்வளவு வருமானம், தலைக்கு இவ்வளவு நிலம் என்று நாளிதழ்களில் வரும் கணக்குகளை நினைத்துக்கொண்டோம், சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த பெரிய அடி 1991-இல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய 'சிவிலிசேஷன்'. கற்காலம் முதல் விண்வெளிக் காலம் வரை ஒரு நாட்டை வளர்க்க வேண்டும். அதில் ஆட்சிமுறை என்பதே ஆட்டக்காரன் தேர்ந்தெடுக்கும் பொருளாயிற்று: கொடுங்கோன்மை, முடியாட்சி, பொதுவுடைமை, குடியரசு, மக்களாட்சி. கொடுங்கோன்மையில் நல்ல விளைநிலத்தின் பயன் ஓர் அலகு குறையும். குடியரசிலும் மக்களாட்சியிலும் வாணிகம் பெருகும். ஆனால் படையை எல்லைக்கு வெளியே அனுப்பினால் ஊரில் மக்கள் மனம் கசப்பார்கள். மக்களாட்சியில் அந்தக் கசப்பு இரட்டிப்பு. ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது சில சுற்றுகள் நாடு அரசில்லாமல் கிடக்கும்.

இது சிக்கனமான அமைப்பு. ஒவ்வொரு ஆட்சிக்கும் ஒரு நன்மை, ஒரு தீமை. சூழ்நிலைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடு. குழந்தைக்கும் புரியும். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. ஆட்சிமுறைகள் கடையில் அடுக்கிவைத்த தகர டப்பாக்களைப் போல் தனித்தனியாக இருக்கின்றன. மெய்யான நாடுகள் அப்படியா இருக்கின்றன? மன்னரும் உண்டு, நாடாளுமன்றமும் உண்டு, தேர்தலும் உண்டு என்பது மலேசியர்களாகிய நமக்கு அன்றாட வாழ்க்கை. எந்த டப்பாவில் நம்மைப் போடுவார்கள்?

இந்தக் குறையை உணர்ந்துதான் 1999-இல் பிரையன் ரெனால்ட்ஸ் தலைமையில் வந்த 'ஆல்பா சென்டாரி' என்ற விளையாட்டு டப்பாவைப் பிரித்தது. அரசியல், பொருளாதாரம், விழுமியம், எதிர்காலச் சமுதாயம் என நான்கு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் நான்கு வழிகள். கூட்டிப் பார்த்தால் 256 வகைச் சமுதாயங்கள். தடையற்ற சந்தையைத் தேர்ந்தால் வருமானம் கூடும், சுற்றுச்சூழல் கெடும், மக்களைக் காவலால் அடக்கிவைப்பது மிகக் கடினமாகும். சில ஆண்டுகள் கழித்து 'சிவிலிசேஷன்' நான்காம் பதிப்பு இதையே எடுத்துக்கொண்டு ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து வழி என்று வைத்தது. கணக்குப் போட்டால் 3,125 சேர்க்கைகள். நம் கடிதத்தில் வந்த பையன் கையாண்டது இந்த அமைப்பைத்தான்.

சேர்க்கைகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் தேர்வும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே ஒரு சேர்க்கை எப்போதும் வெற்றி தருமானால் மற்ற மூவாயிரமும் அலங்காரம்தான். விளையாட்டை அமைப்பவர்களுக்குத் தலைவலி தருவது இதுவே. ஆகையால் காலத்தைச் சேர்த்தார்கள்; ஆட்டத்தின் தொடக்கத்தில் நல்லதாக இருப்பது பிற்பகுதியில் கெட்டதாகும்படி செய்தார்கள். மாற்றத்துக்கும் விலை வைத்தார்கள். அந்த விலை எவ்வளவு என்பதில்தான் கருத்து வேற்றுமை. 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சமுதாயக் கொள்கையை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் அதோடு வாழ வேண்டியதுதான். ஊர்கள் பெருகப் பெருக, புதுக் கொள்கை ஒன்றை ஏற்பது கடினமாகிக்கொண்டே போகும். 2016-இல் வந்த ஆறாம் பதிப்பில் கொள்கைகள் சீட்டுகளாகிவிட்டன. ஒன்றை உருவி மற்றொன்றைச் செருகலாம். முதலாவதில் கொள்கை என்பது எலும்பு. இரண்டாவதில் அது சட்டை. நமக்கு ஐந்தாம் பதிப்பின் பிடிவாதம்தான் பிடிக்கிறது. ஒரு சமுதாயத்தின் பழக்கத்தை ஒரே மாலையில் கழற்றி மாட்டிவிட முடியாதல்லவா? ஆட்டக்காரர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும். சட்டை மாற்றுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

நகரங்களைக் கட்டும் 'சிம்சிட்டி'யைச் சொல்லாமல் விடக் கூடாது. 1989-இல் வில் ரைட் அதை வெளியிட்டார். அவர் படித்து ஊக்கம் பெற்ற நூல்களில் ஒன்று, ஜே ஃபாரஸ்டர் என்ற பேராசிரியர் நகரங்களின் வளர்ச்சி தேய்வு பற்றி 1969-இல் எழுதியது. ஃபாரஸ்டர் நகரத்தைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். ஏழைகளுக்கு மலிவு வீடுகளை அரசு கட்டித் தந்தால் நகரம் மேலும் நலிவடையும் என்ற முடிவு வந்தது. அன்றே அது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அவருடைய நகரத்துக்குப் புறநகரே இல்லை என்று ஆய்வாளர்கள் குறை கூறினர். அண்டை நாடான சிங்கப்பூரில் 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. இன்று அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஏறக்குறைய நால்வர் அக்கழகம் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். நகரம் நலிவடையவில்லை. சிங்கப்பூரின் நிலச் சட்டம் வேறு, அங்கே வீட்டைச் சொந்தமாக வாங்கும் ஏற்பாடு வேறு, ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆனால் சமன்பாட்டில் எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதே விடையைப் பாதி எழுதிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டவில்லை.

இதுவரை பார்த்த விளையாட்டுகள் எல்லாவற்றிலும் ஆட்டக்காரன் கடவுள். அவன் சொன்னால் சட்டம். மக்கள் முணுமுணுக்கலாம், கலகம் செய்யலாம். ஆனால் "இந்தச் சட்டம் கூடாது" என்று அவையில் எழுந்து நின்று தடுக்கப் பெரும்பாலும் ஆள் கிடையாது. இதை மாற்றிய விளையாட்டுகளும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த கிளிஃப் ஹாரிஸ் 2005-இல் உருவாக்கிய 'டெமாக்ரசி' அவற்றுள் ஒன்று. அதில் வாக்காளர்கள் பல குழுக்களாக இருக்கிறார்கள். ஒருவரே பல குழுக்களிலும் இருப்பார். கார் ஓட்டுபவர், பெற்றோர், தொழிற்சங்கத்தார், சுற்றுச்சூழல் ஆர்வலர் எல்லாம் ஒரே ஆளாக இருக்கக்கூடும். பெட்ரோல் வரியை உயர்த்தினால் அவருடைய ஒரு பாதி மகிழும், மறுபாதி கோபப்படும். திரையில் ஒவ்வொரு கொள்கையிலிருந்தும் கோடுகள் புறப்பட்டு மற்றவற்றைத் தொடும். சமூகவியல் ஆசிரியர்கள் இந்தத் திரையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினாலே ஒரு பாட வேளை போதாது. 2022-இல் வந்த 'விக்டோரியா' மூன்றாம் பதிப்பு, 1836 முதல் 1936 வரையிலான நூற்றாண்டைக் களமாகக் கொண்டது. அதில் நிலக்கிழார், தொழிலதிபர், படையினர், சமயத்தார், கற்றோர், சிறு வணிகர், நாட்டுப்புறத்தார், தொழிற்சங்கத்தார் என்று எட்டுப் பிரிவினர். சட்டம் கொண்டுவரத் தொடங்கினால் மாதக்கணக்கில் இழுக்கும், நடுவில் நின்றுபோகும், எதிர்ப்போர் வலுத்தால் உள்நாட்டுப் போரே மூளும்.

இனி, சொல்லவேண்டிய முக்கியமான செய்திக்கு வருகிறோம்.

'சிவிலிசேஷன்' நான்காம் பதிப்பின் உழைப்பு வரிசையில் 'அடிமை முறை' என்று ஒரு வழி உண்டு. அதைத் தேர்ந்தால், கட்டடம் ஒன்றை விரைந்து முடிக்க ஊரின் மக்கள்தொகையிலிருந்து ஓர் அலகைக் கொடுத்துவிடலாம். ஓர் அலகு மக்களுக்கு 30 அலகு உற்பத்தி. அந்த மக்கள் திரும்பி வருவதில்லை. ஊரில் பத்துச் சுற்றுகளுக்கு ஒரு கசப்பு முகம் தோன்றும். களஞ்சியம் இருந்தால் அதற்குள் மக்கள்தொகை மறுபடி வளர்ந்துவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதை 'சவுக்கடி' என்றே பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். ஆட்டத்தின் முற்பகுதியில் மிக இலாபமான வழி என்று எல்லாரும் பரிந்துரைக்கிறார்கள். அமைத்தவர்களுக்கு நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வரிசையின் கடைசியில் 'அடிமை விடுதலை' இருக்கிறது. மற்ற நாடுகள் அதை ஏற்கத் தொடங்கிவிட்டால், ஏற்காத நாட்டில் மக்கள் கசப்புக் கூடிக்கொண்டே போகும். சீர்திருத்தம் எல்லை தாண்டிப் பரவுவதை இவ்வளவு சிறிய விதியால் காட்டியது கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் கொடுக்கப்பட்ட அந்த ஓர் அலகில் யார் இருந்தார்கள் என்று விளையாட்டு ஒருபோதும் சொல்வதில்லை.

இதை நாம் சும்மா சொல்லவில்லை. ஓர் இடைநிலைப்பள்ளியின் மாணவர் கழகத்துக்கு நம்மை அழைத்திருந்தார்கள். படிவம் மூன்று மாணவர் சிலர் சேர்ந்து, அட்டையும் தாயக்கட்டையும் கொண்டு ஒரு விளையாட்டைச் செய்திருந்தார்கள். களம், ஜப்பானியர் காலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்று. 1942 முதல் 1945 வரை. ஆட்டக்காரர்தான் தோட்டத்தின் நிர்வாகி. அரிசி, மரவள்ளி, மருந்து என்று வில்லைகள். ஜப்பானிய அதிகாரி வந்து சயாம் இரயில் பாதைக்கு ஆள் கேட்பார். ஐந்து ஆளை அனுப்பினால் ஐந்து மூட்டை அரிசி கிடைக்கும். இதுதான் அவர்கள் எழுதிய விதி. பிள்ளைகள் விறுவிறுப்பாக ஆடினார்கள். ஒரு மாணவன் முதல் சுற்றிலேயே பதினைந்து பேரை அனுப்பி, அரிசியைக் குவித்து வென்றான். நன்றாக அமைந்த விளையாட்டு என்று நாமும் பாராட்டினோம். அதை இப்போது சொல்லும்போது நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

மாணவி ஒருத்தி தன் கொள்ளுப்பாட்டியை அழைத்து வந்திருந்தாள். தொண்ணூறைத் தாண்டியவர். சக்கர நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பையன் ஏன்டி சிரிக்கிறான்?" என்று கேட்டார். மாணவி விளக்கினாள். கேட்டு முடித்த பாட்டி சொன்னார்: "லாரி வந்து நின்னுச்சு. எங்கப்பாவ ஏத்திக்கிட்டுப் போனாங்க. அவரு போனதுக்கு எங்களுக்கு யாரும் அரிசி அளக்கலியே. எங்கம்மா காட்டோரத்துல மரவள்ளி நட்டுல்ல எங்களக் காப்பாத்துனாங்க."

மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அரிசி வைக்கலைன்னா விளையாட்டுல யாரும் ஆள அனுப்ப மாட்டாங்க பாட்டி."

"அனுப்புறதுக்கு எங்களக் கேட்டா அனுப்புனாங்க?" என்றார் பாட்டி. வேறொன்றும் சொல்லவில்லை.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இதைப் பாடமாக அந்தப் பிள்ளைகள் படித்திருந்தார்கள், விளையாட்டிலும் வைத்தார்கள். ஆனால் தெரிவு என்று ஒன்று இருந்தால்தான் விளையாட்டு என்று எண்ணி, தெரிவே இல்லாத இடத்தில் ஒரு தெரிவை வைத்துவிட்டார்கள். தெரிவுக்கு ஒரு கூலி வேண்டுமே என்று அரிசியையும் வைத்துவிட்டார்கள். அவர்கள் மனத்தில் தீங்கில்லை. பெரிய நிறுவனங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு விளையாட்டை அமைப்பவர்களும் இப்படித்தான் வந்து சேருகிறார்கள் என்று நினைக்கிறோம்.

பிள்ளைகள் அட்டையைக் கிழித்துப் போடவில்லை. இரண்டு வாரம் கழித்து நாம் மறுபடி போனபோது விளையாட்டு மாறியிருந்தது. ஆட்டக்காரர் நிர்வாகி அல்லர். ஒவ்வொருவரும் லயத்தில் ஒரு குடும்பம். குடும்பத்தில் ஐந்து சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு வேலை: பால் வெட்டுபவர், தண்ணீர் சுமப்பவர், கிழங்கு நடுபவர், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர். தாயக்கட்டை சொல்லும்போது லாரி வரும்; சீட்டு ஒன்று போகும். அந்த வேலையை மீதமுள்ளவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். காட்டுக்குள் ஒளியலாம், ஒளிந்தால் அந்த வாரக் கிழங்கு இல்லை. அடுத்த வீட்டுக்குக் கிழங்கு கொடுக்கலாம். கொடுத்தால் பின்னால் கேட்கலாம், கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. 1945 ஆகஸ்டு வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அரசு என்பது இப்போது பலகையில் ஒரு தகர லாரி மட்டுமே. ஆட்டம் மெதுவாகிவிட்டது என்று முன்பு வென்ற மாணவன் குறைபட்டான். அவன் சொன்னது உண்மைதான், மெதுவாகத்தான் இருந்தது. மரவள்ளிக் கணக்கு இன்னும் சரியாக வரவில்லை. ஆறு மாதத்துக்குப் பின் எல்லாக் குடும்பமும் பட்டினியாகிவிடுகின்றன. அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

விதியை எழுதுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆட்டக்காரர் எந்த நாற்காலியில் உட்காருகிறார் என்பதே. போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2018-இல் வெளியிட்ட 'ஃபிராஸ்ட்பங்க்' என்ற விளையாட்டிலும் ஆட்டக்காரர் தலைவர்தான். உறைபனியில் சிக்கிய நகரம். குழந்தைகளை வேலைக்கு அனுப்பும் சட்டத்தில் கையெழுத்திடலாமா என்று அது கேட்கிறது. இட்ட கையெழுத்தைப் பின்வாங்க முடியாது. இறப்பவருக்குப் பெயர் உண்டு. தலைவரின் நாற்காலியிலேயே உட்காரவைத்தாலும் மக்களை அலகாக்காமல் இருக்க வழி உண்டு என்பதற்காக இதைச் சொன்னோம்.

அந்தத் தாயாருக்குப் பின்னர் நாம் எழுதிய பதில் இதுதான்: விளையாட்டைத் தடை செய்ய வேண்டாம். இரண்டு மாலை அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். 'ஓட்டுரிமை இந்த விளையாட்டில் என்ன தருகிறது?' என்று கேளுங்கள். காசு கொடுத்துக் கட்டடத்தை விரைவில் முடிக்கலாம் என்று அவன் படித்துக் காட்டுவான். விதியில் அப்படித்தான் இருக்கிறது. 'ஓட்டுப் போட்டு உன்னை யாராவது இறக்க முடியுமா?' என்று அடுத்துக் கேளுங்கள். முடியாது. 'இறக்க முடியும்படி நீயே ஒரு விதி எழுது பார்க்கலாம்' என்று சொல்லுங்கள். அந்த விளையாட்டின் விதிகளிற் பலவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்பைத் திறந்தே மாற்றிக்கொள்ளலாம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது எட்டும் வேலைதான். அவரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.

நேயர்களே, கணினி இல்லாதவர்களும் 'ஹமுராபி'யை வீட்டில் ஆடிப் பார்க்கலாம். முன்பு சொன்ன எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 100 பேர், 1,000 ஏக்கர், 2,800 மூட்டை. விளைச்சலுக்கு ஆறு முகப் பகடையை உருட்டுங்கள். ஆறு விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். நிலத்தின் விலையை ஒவ்வோர் ஆண்டும் 17-க்கும் 26-க்கும் இடையில் வீட்டில் ஒருவர் சொல்லட்டும். பத்து ஆண்டு முடிந்ததும், மதிப்பெண் எப்படிப் போடுவது என்பதை நீங்களே முடிவு செய்து, எந்த அளவுகோலை ஏன் எடுத்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். மாணவர்கள் எழுதும் கடிதங்களை அடுத்த உரையில் முதலில் படிப்போம்.